இரண்டு பக்கமும் வெள்ளை

ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்துவிட்டதாக அண்ணன் சொன்னபோதுதான், ரிப்போர்ட் வரும்படி ஏதோ நடந்திருக்கிறது என்பதே தங்கைக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பிட்ட தட்டுகள் மேசையிலேயே கிடந்தன. அண்ணன் இடது காலை எதிர் நாற்காலியில் நீட்டிப் போட்டிருந்தார். கால்சட்டை முழங்கால் வரை சுருட்டப்பட்டிருக்க, முன்னெலும்பை ஒட்டி ஒரு புதுக் கட்டு தெரிந்தது.

"எப்ப டெஸ்ட் பண்ணீங்க?"

"ஆச்சு, மூணு வாரம். கிளினிக் டாக்டர் துளியூண்டு வெட்டி அனுப்பினார். கொசு கடிச்ச மாதிரிதான் இருந்துச்சு."

"கொசு கடிச்சதுக்கா ரெண்டு நாள் முனகினீங்க?" என்றார் அண்ணி, தட்டுகளை அடுக்கிக்கொண்டே.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலாம்ல?"

"உன்கிட்ட சொன்னா நீ கத்தியோட வந்து நிப்பே பாப்பா. உனக்கு எதைப் பார்த்தாலும் மெழுகுல போட்டுச் சீவணும்."

தங்கைக்கு நாற்பத்தைந்து வயது. அண்ணன் வாயில் இன்னும் பாப்பாதான். ஒரு பெரிய மருத்துவமனையின் பரிசோதனைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை. உடம்பிலிருந்து வெட்டி அனுப்பும் சதைத் துண்டுகளை மெழுகில் புதைத்து, தலைமுடியைவிட மெல்லியதாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஏற்றி, சாயம் போட்டு மருத்துவர் மேசையில் வைப்பாள். அங்கே அவளுக்கு மெழுகம்மா என்று பெயர். அண்ணனுக்கு ஒரு ஓட்டலின் சலவைக்கூடத்தில் வேலை. படுக்கை விரிப்பு, துண்டு, மேசைத்துணி எல்லாம் அவர் கையைத் தாண்டித்தான் அறைகளுக்குப் போகும்.

அந்தக் காலின் கதை குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். இருபத்தேழு வருடங்களுக்கு முன்னால் நீராவிக் குழாயின் மூட்டு விட்டுப்போய், கொதிநீர் அண்ணனின் பூட்ஸுக்குள் இறங்கியது. வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்ட வேண்டும் என்றார்கள். அண்ணன் மாட்டேன் என்றார். தானாகவே ஆற மூன்று மாதம் பிடித்தது. ஆறிய இடத்தில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு முடியே இல்லாமல், வழவழவென்று, பீங்கான் நிறத்தில் ஒரு தோல் வந்தது. அதற்கு அண்ணன் வெள்ளைக்காரன் என்று பெயர் வைத்திருந்தார். வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை வெள்ளைக்காரன் வெடிப்பான்; பத்து நாளில் மூடிக்கொள்வான். இந்தத் தடவை எட்டு மாதமாக மூடவில்லை. களிம்பு மாற்றிக் களிம்பு போட்டுப் பார்த்துவிட்டு, அண்ணியின் தொல்லை தாங்காமல்தான் கிளினிக்குக்குப் போயிருக்கிறார்.

"கட்டைக் கொஞ்சம் பிரிங்கண்ணா."

"அதான் ஒண்ணுமில்லன்னு வந்துடுச்சே!"

"பிரிச்சுக் காட்டுங்க," என்றார் அண்ணி. "துணியில ஒரு வாடை வருது. நான் சொன்னா உங்க காதுல ஏறுதா?"

புண் தழும்பின் ஓரத்தில் இருந்தது. நடுவில் பள்ளம். சுற்றிலும் விளிம்பு தடித்து, வெளிப்பக்கமாகச் சுருண்டு நின்றது. ஆறும் புண்ணின் விளிம்பு தணிந்து உள்நோக்கி நகரும் என்பது அவளுக்குத் தெரியும். இது வெளியே போகிறது.

ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தாள். இரண்டே வரி. இரண்டாவது வரியின் கீழே அண்ணன் சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருந்தார். 'பார்க்க முடிந்த பகுதியில் புற்றுநோய்க்கான அறிகுறி இல்லை.' முதல் வரியை யாரும் தொடவில்லை. 'துண்டு சாய்வாகப் பதிந்திருப்பதால் தோலின் அடுக்குகளை முழுமையாகப் பார்க்க இயலவில்லை.'

மேல் மூலையில் ஓர் எண். 3318. அதன் முன்னால் இருந்த எழுத்துகள் அவளுடைய பரிசோதனைக்கூடத்தின் எழுத்துகள்.

அவள் வேலையில் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். துண்டோடு வரும் தாளில் எண்ணை மட்டும்தான் பார்ப்பாள். பெயரைப் படிக்கவே மாட்டாள். பெயரைப் பார்த்தால் கை யோசிக்க ஆரம்பித்துவிடும் என்பது அவள் கணக்கு. இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கணக்கு பிசகியதில்லை.

திங்கட்கிழமை காலை, மற்றவர்கள் வருவதற்கு முன்பே போய்ப் பதிவேட்டைப் புரட்டினாள். 3318. தோல். ஒரு துண்டு. புதைத்தவர் என்ற கட்டத்தில் அவளுடைய சுருக்கொப்பம் இருந்தது. ஒப்பத்தை விரலால் மூடிப் பார்த்தாள். விரலை எடுத்ததும் அது அங்கேயேதான் இருந்தது.

பழைய மெழுகுக் கட்டிகளை அடுக்கி வைக்கும் அறையில் தேடி அந்தக் கட்டியை எடுத்தாள். தீப்பெட்டியைவிடச் சின்னது. வெளிச்சத்தில் பிடித்தபோது உள்ளே வட்டமாக, ஒரு பொத்தான் போல, துண்டு தெரிந்தது. வட்டம் தெரிந்தாலே வினைதான். தோல் என்றால் நீளமான பட்டையாகத் தெரிய வேண்டும்.

புதைக்கும்போது துண்டை எந்த வாக்கில் வைக்கிறோம் என்பதில்தான் அந்த வேலையின் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. தோலை ஒருக்களித்து வைக்க வேண்டும். அப்போதுதான் சீவும்போது மேல்தோல், அதன் அடியில் நார் நாராக உள்தோல், அதற்கும் அடியில் கொழுப்பு என்று வரிசையாகத் தெரியும். மேல்பக்கம் கத்தியைப் பார்க்கும்படி வைத்துவிட்டால் கதை கெட்டது. அடுக்குக் கேக்கின் மேலே இருக்கும் கிரீமை மட்டும் வழித்துப் பார்த்துவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்வது போல ஆகிவிடும்.

இதில் அவள் தப்புவிட்டதே கிடையாது. தோலில் மேல் எது, கீழ் எது என்று கண்டுபிடிக்கப் பூதக்கண்ணாடிகூட வேண்டாம். ஒரு பக்கம் நிறம் இருக்கும், ஒரு முடியாவது நீட்டிக்கொண்டிருக்கும். மறுபக்கம் மஞ்சளாகக் கொழுப்பு. அப்படியானால் அன்றைக்கு என்ன ஆயிற்று?

நின்றபடியே யோசித்தாள். மெல்ல நினைவு வந்தது. அரிசியைவிடச் சற்றே பெரிய துண்டு. மேலேயும் வெள்ளை, கீழேயும் வெள்ளை. முடி இல்லை, கொழுப்பு இல்லை. புள்ளி போடாத பகடை மாதிரி எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுபோல இருந்தது. இடுக்கியால் இரண்டு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு, மெழுகு இறுகுவதற்குள் ஏதோ ஒரு பக்கமாக வைத்துவிட்டாள். தாளின் மேலே 'பழைய தீக்காயத் தழும்பு' என்று எழுதியிருந்திருக்கிறது. பெயருக்குப் பக்கத்து வரி அது. பெயரைப் படிக்கக் கூடாது என்று அந்த மூலைப் பக்கமே அவள் கண்ணைத் திருப்புவதில்லை.

ஆழமாக வெந்த தோல், மேல் எது கீழ் எது என்று காட்டும் அடையாளங்களை எல்லாம் இழந்துவிடும். இதைப் பலமுறை கேட்டிருக்கிறாள். தன் இடுக்கி நுனியில் அதைப் பிடித்துக்கொண்டிருந்தபோது மட்டும் தெரியவில்லை.

ஸ்லைடுகளைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டரம்மா, மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். அவள் மெழுகுக் கட்டியை மேசையில் வைத்தாள்.

"இதை நான் தப்பா புதைச்சிருக்கேன் டாக்டர். மேல்பக்கம் கத்தியைப் பார்த்துக்கிட்டு இருக்கு."

டாக்டரம்மா எண்ணைப் பார்த்தார். பழைய ஸ்லைடைத் தேடியெடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"திரும்பப் புதைச்சுக் குடுங்கன்னு நான்தான் அன்னைக்கே உங்களைக் கேட்டிருக்கணும். கேக்காம ரெண்டு வரி எழுதி அனுப்பிட்டேன். ஆளு யாரு?"

"எங்க அண்ணன்."

பிஸ்கட் பாதியில் நின்றது. "அப்போ நீங்க தொட வேண்டாம். வேற ஆள் கையில குடுங்க."

"உள்ள அது எப்படிக் கிடக்குன்னு வேற ஆளுக்குத் தெரியாது டாக்டர். தப்பா வச்ச கைக்குத்தான் தெரியும்."

டாக்டரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னொரு விஷயமும் தெரிஞ்சுக்கங்க. போன தடவை சீவினது பூரா மேல்தோல்ல இருந்து போயிருக்கு. மிச்சம் இருக்கிறது அடிப்பாகம். இதுல ஒண்ணும் தெரியலன்னா, ஒண்ணும் இல்லன்னு அர்த்தம் கிடையாது. புதுசா வெட்டித்தான் ஆகணும். தெரிஞ்சுதுன்னா..."

"கீழ இறங்கிடுச்சுன்னு அர்த்தம்."

"ஆமா."

கட்டியைச் சூடான தட்டில் வைத்தாள். மெழுகு கண்ணீர் போலக் கசிந்து தெளிந்தது. துண்டு தன் பாட்டுக்கு வெளியே வந்தது. இப்போது அதற்கு ஓர் அடையாளம் இருந்தது: போன தடவை கத்தி பட்ட பக்கம் தட்டையாக இருந்தது. அதுதான் மேல். தப்பு நடந்த இடமே வழி காட்டியது அவளுக்கு விசித்திரமாக இருந்தது. அந்தப் பக்கத்தை மெழுகு வார்க்கும் அச்சின் சுவரைப் பார்க்கும்படி திருப்பி, துண்டை ஒருக்களித்து வைத்தாள். மெழுகு பனி படர்ந்தாற்போல வெளுத்து இறுகும் வரை இடுக்கியை எடுக்கவில்லை.

பிறகு சீவும் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தாள். கைப்பிடியின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு மெல்லிய ஏடு கத்தியிலிருந்து வழிந்தது. ஒன்றோடொன்று ஒட்டி நாடாவாக நீண்டதை வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, ஸ்லைடில் ஏந்தினாள். நாடா ஒவ்வொன்றிலும் இப்போது பட்டை தெரிந்தது. பெயர் தெரிந்தும் கை யோசிக்கவில்லை. இத்தனை நாள் பெயர்களைக் கண்டு பயந்தது எதற்கு என்றும் ஒரு கணம் தோன்றியது.

நீலமும் ரோஜா நிறமும் ஏறிய ஸ்லைடைப் பிற்பகலில் டாக்டரம்மாவிடம் கொடுத்தாள். அவர் பார்த்தார். தலையை எடுக்காமலே பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினார்.

"வந்து பாருங்க. நல்லா வந்திருக்கு. நல்ல சேதி இல்ல. ஆனா நல்லா வந்திருக்கு."

மேல்தோல் தன் எல்லையில் நிற்கவில்லை. நாக்கு நாக்காகக் கீழே இறங்கியிருந்தது. இறங்கிய இடங்களில் செல்கள் வெங்காயத்தைக் குறுக்கே வெட்டியதுபோலச் சுற்றுச் சுற்றாகச் சுருண்டு கிடந்தன. இந்த மாதிரியை அவள் எத்தனையோ தடவை சாயம் போட்டுக் கொடுத்திருக்கிறாள். அழகாக இருக்கிறது என்றுகூட நினைத்திருக்கிறாள்.

"தழும்புல வர்ற புற்றுநோய். எவ்வளவு ஆழம்னு முழுசா எடுத்தாத்தான் தெரியும். தொடை இடுக்குல நெறிகட்டி இருக்கான்னும் பார்க்கணும். ரிப்போர்ட்டைத் திருத்தி எழுதி கிளினிக்குக்கு நான் பேசிடறேன். உங்க அண்ணன்கிட்ட நீங்க பேசிக்கங்க."

அண்ணன் மறுநாளே வந்து நின்றார், அண்ணியோடு. போனில் அவள் பாதி சொல்வதற்குள், "அதை நான் பார்க்கலாமா?" என்றுதான் அவர் கேட்டிருந்தார். டாக்டரம்மா தன் மேசையை விட்டுக்கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்ணா," என்றாள் தங்கை. "அந்தத் துண்டை மெழுகுல தப்பா வச்சது நான். அதனாலதான் ஒண்ணுமில்லன்னு வந்துச்சு. மூணு வாரம் வீணாப் போனது என்னாலதான்."

அண்ணியின் முகம் இறுகியது.

"நீயா?" என்றார் அண்ணி. "அந்தத் தாளை நம்பி நான் இவருக்கு வாடையை மறைக்க சென்ட் அடிச்சுக்கிட்டு இருந்தேன்."

"ஆமா அண்ணி. நான்தான்."

"மூணு வாரம் உன்னால," என்றார் அண்ணன். "எட்டு மாசம் என்னால. அதை எந்தப் பதிவேட்டுல எழுதுவே? சரி, காட்டு. எப்படித் தப்பாச்சு?"

அவள் முதலில் வேறு யாருடையதோ, நோயில்லாத தோலின் ஸ்லைடை வைத்தாள். அண்ணன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். ரெண்டு கண்ணையும் திறங்க என்று சொல்ல வேண்டியிருந்தது.

"மேல நீலமா கரை போட்ட மாதிரி இருக்கே?"

"அதுதான் மேல்தோல். அடியிலிருந்து புதுசு புதுசா செல் கிளம்பி மேல வந்து உதிர்ந்துக்கிட்டே இருக்கும்."

"கீழே குழி குழியா?"

"முடி முளைக்கிற குழி. பக்கத்துல சுருள் சுருளா இருக்கிறது வியர்வைச் சுரப்பி. லேசா வெந்த புண்ணு இந்தக் குழியில மிச்சம் இருக்கிற செல்லை வச்சுத்தான் சீக்கிரம் மூடும். உங்களுக்கு வெந்தது குழிக்கும் கீழ வரைக்கும். விதை நெல்லே வெந்துபோச்சு. அதனால சுத்தி இருக்கிற ஓரத்திலிருந்து தோல் தவழ்ந்து வந்துதான் மூணு மாசத்துல மூடிச்சு."

பிறகு அண்ணனுடையதை வைத்தாள். அவர் வெகுநேரம் நிமிரவில்லை.

"குழியே இல்லையே."

"இல்ல."

"அதான் அந்த இடம் மட்டும் வேர்க்கவே வேர்க்காது! இருபத்தேழு வருஷமா ஏன்னு யோசிச்சிருக்கேன். ஏய், நீயும் வந்து பாரேன்," என்று அண்ணியைக் கூப்பிட்டார், ஏதோ வீட்டுக்குப் புதுச் சாமான் வாங்க வந்தவர் மாதிரி.

"எனக்கு வேண்டாம். அதை வெளியில பார்த்ததே போதும்."

"இந்தச் சுத்துச் சுத்தா இருக்கிறதெல்லாம்தான் அதுவா?" என்றார் அண்ணன், மறுபடி குனிந்து.

"அதுதான்."

"இவ்வளவு வருஷம் சும்மா இருந்துட்டு இப்ப எதுக்கு?"

"அந்தத் தோல் மெலிசுண்ணா. ரத்த ஓட்டம் கம்மி. சின்ன உரசல்ல கிழியும். கிழிஞ்சா ஒட்டும், மறுபடி கிழியும். ஒவ்வொரு தடவையும் அதே இடத்துச் செல்லுதான் பெருகிப் பெருகி அடைக்கணும்."

அண்ணன் நிமிர்ந்து நாற்காலியில் சாய்ந்தார். "மடிப்புல கிழியற மேசைத்துணி மாதிரி. அதே மடிப்புலதான் திரும்பத் திரும்பத் தைப்போம். தைச்சுத் தைச்சு ஒரு நாள் தையக்காரன் எங்க நிறுத்தணும்னு மறந்து ஓட்டிக்கிட்டே போயிட்டான். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்னு சொல்லிட முடியாது. ஆனா கிட்டத்தட்ட."

"தப்பா வச்சது எப்படின்னு நீ இன்னும் சொல்லலையே?"

இரண்டு பக்கமும் வெள்ளையாக இருந்ததைச் சொன்னாள். அண்ணன் மேசையைத் தட்டிச் சிரித்தார்.

"இதுக்கா அழுவுற மாதிரி மூஞ்சை வச்சிருக்கே? நூறு தடவை வெளுத்த விரிப்புல எது உள்பக்கம், எது வெளிப்பக்கம்னு எனக்கே தெரியாது பாப்பா. அதுக்குத்தான் புதுசா வந்த அன்னைக்கே மூலையில சிவப்பு நூல்ல ஒரு தையல் போட்டுடுவோம். உங்க ஆளுங்களுக்கு அது தோணலையா?"

"பெரிய துண்டா இருந்தா சர்ஜன் நூல் போட்டுத்தான் அனுப்புவார். இது அரிசி மாதிரி இருந்துச்சு. யாரும் போடல."

"அரிசியிலதானே குழப்பமே வருது?"

அண்ணியின் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. "ரெண்டு பேரும் தப்பைப் பாகம் பிரிச்சு முடிச்சாச்சுன்னா கிளம்புங்க," என்றார். "ஆபரேஷனுக்கு நாள் கேக்கணும்."

தொடை இடுக்கில் கட்டி எதுவும் இல்லை என்று ஸ்கேன் சொன்னது. எலும்பும் தப்பியிருந்தது. காலை எடுக்க வேண்டியிருக்காது, வெள்ளைக்காரனைச் சுற்றி ஒரு விரல் அகலம் நல்ல தோலும் சேர்த்து எடுத்துவிட்டு, தொடையிலிருந்து தோல் ஒட்டிவிடலாம் என்றார் சர்ஜன். விளிம்பில் எங்கும் மிச்சம் இல்லாமல் இருந்தால் பிழைத்தார். இருந்தால் மறுபடியும் கத்தி, அப்போது கால் நிற்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

பதினொரு நாள் கழித்து ஒரு வியாழக்கிழமை ஆபரேஷன் நடந்தது; மதியம், வெட்டியெடுத்த தழும்போடு ஒரு புட்டி பரிசோதனைக்கூடத்துக்கு வந்தது. அவள் தாளை எடுத்து மேல் மூலையிலிருந்து படித்தாள். அண்ணனின் பெயர், வயது, தொழில், 'பழைய தீக்காயத் தழும்பு'. கடைசி வரைக்கும் படித்தாள். கடைசியில், சர்ஜனின் கிறுக்கல் கையெழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது.

'கறுப்பு நூல் ஒன்று: தலைப்பக்கம். கறுப்பு நூல் இரண்டு: வெளிப்பக்கம். மேல்தோலில் ஊதா நூல்: இது மேல்பக்கம். மூன்றாவதற்கு மருத்துவக் காரணம் இல்லை. மயக்க ஊசி போடும் வரை நோயாளி வற்புறுத்தினார்.'

டாக்டரம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "கை அகலத் தோலுக்கு மேல் எது கீழ் எதுன்னா நூல் போடுவாங்க?" என்றார்.

"எங்க அண்ணன் போடுவார் டாக்டர்."

ஊதா நூலை அவள் வெட்டவில்லை. விளிம்பு எது என்று பின்னால் தெரிவதற்காக ஓரங்களிலும் அடியிலும் மை தடவி, டாக்டரம்மா துண்டு துண்டாக வெட்டிக் கொடுக்க, ஒவ்வொன்றையும் ஒருக்களித்துப் புதைத்தாள். இருபத்தாறு கட்டிகள். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இருபத்தாறும் பட்டை.

திங்கட்கிழமை ரிப்போர்ட்டை அவளே வார்டுக்கு எடுத்துப் போனாள். அண்ணனின் கால் தலையணை மேல் கட்டுக்குள் இருந்தது. தோல் எடுத்த தொடைதான் எரிகிறது, கால் தேவலை என்று புலம்பிக்கொண்டிருந்தார். அண்ணி தாளை வாங்கிச் சத்தமாகப் படித்தார். எல்லாத் துண்டுகளிலும் அடுக்குகள் முழுமையாகத் தெரிகின்றன என்றது முதல் வரி. எந்த விளிம்பிலும் அடியிலும் நோய் இல்லை, மிக நெருக்கமான இடத்திலும் ஒன்பது மில்லிமீட்டர் நல்ல தோல் இருக்கிறது என்றது அடுத்தது.

"சிவப்புப் பேனா எங்க?" என்றார் அண்ணன்.

"இந்தத் தடவை முதல் வரியிலிருந்து கோடு போடுங்க," என்றார் அண்ணி.

அவர் இரண்டு வரிக்கும் போட்டார். பேனாவை மூடினார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும் என்று தங்கை சொன்னதற்குத் தலையாட்டினார். பிறகு கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"பாப்பா, தொடைத்தோலைக் கொண்டுபோய்க் கால்ல வச்சாங்கல்ல. அது அங்க போய் உக்காந்து, நாம இப்ப காலுன்னு நினைச்சுக்குமா, இல்ல எப்பவும் தொடைன்னே நினைச்சுக்கிட்டு இருக்குமா?"

அண்ணி நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"கேட்டுட்டு வந்து சொல்றேன்ணா," என்றாள். படியிறங்கும்போது அதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டே போனாள்.